பேசிக்கலாம்

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ உயிரோடும் முழு உடம்போடும் இதைப் படிக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். நீ எழுதிய கடிதமும், உன்னைத் தன் வீட்டில் வைத்திருக்கும் அந்த அம்மா உன் அத்தானுக்கு என்று கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையும் போன வாரம் வந்து சேர்ந்தன. அங்கிருந்து திரும்பி வந்த மாணவிகளில் ஒருத்தி வீடு தேடி வந்து கொடுத்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். கன்னத்தில் தையல் போட்ட தழும்பு இருந்தது. உங்களுக்கு அங்கே என்னவெல்லாம் நடந்தது என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. வலது கையில் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பொய். அந்தக் கடிதத்தில் இன்னும் பெரிய பொய் ஒன்றும் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்றால், இந்தப் பக்கமும் ஒட்டுக்கேட்கிறார்கள், அந்தப் பக்கமும் ஒட்டுக்கேட்கிறார்கள். தெருக்கோடி வீட்டு நர்ஸ் வேலை கிடைத்து வேறொரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே இறங்கியதும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் மருமகள் நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. இப்போதெல்லாம் வாயைத் திறந்தால் மூடுவதில்லை, அப்படியே உன்னைப் போல. வீட்டுச் செய்தியில் நல்லது இவ்வளவுதான்.

நீ கிளம்பிய வருஷம் ரேடியோவில் அந்த நாட்டை எப்படிச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் நாடு. துறைமுகம் கட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள், நம் ஊருக்கு இரும்பாலை வந்தது. இனி உலகமே அவர்கள் கையில் என்று எல்லாரும் பேசினார்கள். அதை நம்பித்தான் நான் அவர்கள் மொழியைப் படித்து ஆலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். உன்னையும் அங்கே படிக்க அனுப்பினேன்.

அது எப்போது தளர ஆரம்பித்தது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் தாதுக் கப்பல் மாதம் நான்கு வந்தது இரண்டானது. முற்றத்தில் இரும்புப் பாளங்கள் வாங்க ஆளில்லாமல் மழையில் நனைந்து துருப்பிடித்துக் கிடந்தன. அந்த நாட்டிலிருந்து ஆலைக்கு வந்த நம் குருவிதான் எனக்குப் படம் காட்டினான். அவன் ஊரில் ஜன்னல்கூட வைக்காமல் பாதியில் நிற்கும் மாடிக் கட்டடங்கள், வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. "எங்க நாடு ரொம்ப வேகமா ஓடிடுச்சு அக்கா, இப்ப மூச்சு வாங்குது" என்றான். அவர்கள் கட்டுவதை நிறுத்தினால் நம் இரும்பு யாருக்கு வேண்டும்?

அது வரைக்கும் வயிற்றுக் கவலை மட்டும்தான். பிறகு நம் மேலிடத்துக்காரர்கள் எதிர்ப்பக்கத்து வல்லரசோடு கைகுலுக்கிவிட்டு வந்தார்கள். ஒரே வாரத்தில் அண்ணன் நாடு அந்நிய நாடு ஆகிவிட்டது. செய்தி வாசிப்பவர்கூட மாறவில்லை, அதே குரல்தான். ஆலைச் சுவர் முழுக்க கொள்ளைக்காரனே வெளியேறு என்று எழுதினார்கள். கடைத்தெருவில் அவர்கள் ஆட்கள் மேல் எச்சில் துப்பினார்கள்.

குருவி எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். உனக்குக் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனே அவன். தட்டில் கொத்திக் கொத்திச் சாப்பிடுகிறான் என்று உன் அத்தான் வைத்த பெயர், கடைசியில் ஆலை முழுக்கப் பரவி, அவனே தன்னைக் குருவி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. உலைப் பொறியாளன் என்று பெயர்தானே தவிர, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் வீட்டுப் பிள்ளை. நான் தட்டில் மேலும் மேலும் போடுவேன், அவன் திணறுவான். அத்தான்தான் சொல்லிக்கொடுத்தார், கையைத் தட்டுக்கு மேலே வைத்து, போதும் என்று சொல்லணும்டா என்று. நம் மொழியில் அவன் கற்ற முதல் சொல் அது.

சரி, அந்த நாளைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு அவர்கள் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று வரி உத்தரவு வந்தது. உலையைக் குளிரவிடுங்கள். நம் ஆட்களை உடனே வெளியேற்றுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உலை என்பது அடுப்பு இல்லை தம்பி, அணைத்துவிட்டு மறுநாள் பற்றவைக்க. உள்ளே இருக்கும் இரும்பு இறுகிவிட்டால் அதற்குப் பிறகு அது ஒரு மலை, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உலையைக் குளிரவிடுவது என்றால் ஆலையைப் புதைப்பது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பத்து மணிக்குள் வாசலில் ஆயிரம் பேர். அத்தான் உருக்கு இறக்கும் பிரிவிலிருந்து நேராக வந்திருந்தார், உலை வாயின் அடைப்பைக் குத்தி எடுக்கும் நீளக் கம்பி கையிலேயே இருந்தது. அவர் பக்கத்தில் கிரேன் அண்ணன். எங்கள் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தி வைத்த மனுஷன், அத்தானுக்குக் கூடப் பிறக்காத அண்ணன்.

அவர்கள் நாட்டு மேலாளர் என்னை அலுவலகத்து இரும்புப் படியில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார். கீழே கல் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு, தலைக்கவசம் போடாமல் தாண்டக் கூடாது என்று போட்ட கோடு. அதற்கு இந்தப் பக்கம் காவலர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களும் நம் ஊர் ஆட்கள்தான். பாதிப் பேருக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

உலை நிற்கப் போகிறது என்று மேலாளர் சொன்னார், நானும் சொன்னேன். கூட்டம் உறுமியது. ஒரு கல் வந்து எனக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை உடைத்தது. மேலாளர் என் காதில் அடுத்ததைச் சொன்னார்: மஞ்சள் கோட்டைத் தாண்டினால் சுடுவார்கள், மேலே பார்த்து அல்ல, ஆளைப் பார்த்துச் சுடுவார்கள், கட்டளை கொடுத்தாயிற்று, தெளிவாகச் சொல்.

சுடுவார்கள் என்ற சொல் என் வாயிலிருந்து போனால் அந்த ஆயிரம் பேரும் வெடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் தணித்துச் சொன்னால் நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். ஒலிபெருக்கியில் சொன்னேன்: "அந்தப் பக்கமே நில்லுங்க. பேசிக்கலாம்."

மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னது இவ்வளவு சின்னதா என்று கேட்டார். எங்கள் மொழியில் சுருக்கமாகத்தான் வரும் என்றேன்.

பேசிக்கலாம் என்பது மட்டும்தான் கிரேன் அண்ணன் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "நம்ம பொண்ணு பேசிக்கலாம்னு சொல்றா, வழி விடுங்கடா" என்று கத்தினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சிரித்த முகமாக, கோட்டைத் தாண்டி என்னைப் பார்த்து நடந்து வந்தார். நான்கு எட்டு வைத்திருப்பார்.

குண்டு கழுத்தில் பாய்ந்தது. அவர் உடனே விழவில்லை. தூக்கிய கைகளில் ஒன்று இறங்கிக் கழுத்தைப் பிடித்தது. விரலிடுக்கிலிருந்து ரத்தம் பீறிட்டு எதிரில் நின்ற காவலனின் முகத்தில் அடித்தது. பிறகுதான் முழங்கால் மடிந்தது. அத்தான் ஓடி வந்து மடியில் தாங்கினார். காயத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ரத்தம் அவர் முழங்கை வரை வழிந்தது. கிரேன் அண்ணன் வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தம் மட்டும் வரவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு பேர் விழுந்திருந்தார்கள். ஒருவன் தன் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு அங்கே மனிதர்கள் இல்லை தம்பி. காவலர்கள் துப்பாக்கியையும் சட்டையையும் கரிக் குவியலில் எறிந்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டார்கள். சுட்டவனும் சேர்ந்து கத்தினான், அதை நான் பார்த்தேன். மேலாளரும் மற்றவர்களும் பின்வாசலில் தயாராக நின்ற வேன்களில் ஏறிப் போய்விட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. "அவனுங்க நாக்கு இவதான்" என்று யாரோ கத்தினார்கள். முடியைப் பிடித்துப் படியிலிருந்து கீழே இழுத்தார்கள். ஒருவன் என் கையைப் பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினான். விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா என் மேலேயே குப்புற விழுந்து, "இது நம்ம பொண்ணுடா, பாவிகளா" என்று அலறியிராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. என் மேல் விழ வேண்டிய உதையெல்லாம் அவர் முதுகு வாங்கியது. இன்னும் அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

நான் தரையோடு தரையாகக் கிடந்து பார்த்ததுதான் மீதி.

குருவி வேனில் ஏறவில்லை. உள்ளே உருகிய இரும்பு இருக்கும்போது குளிர்விக்கும் தண்ணீர் நின்றுபோனால் உலை வெடிக்கும், சுற்றியிருக்கும் ஆயிரம் பேரும் கருகிப் போவார்கள். அதனால் தண்ணீரைத் திறந்துவைத்துவிட்டு, காற்றை அடைத்துவிட்டு, எல்லாம் முடித்த பிறகே அவன் வெளியே வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றான். தெரிந்த முகம் ஏதாவது உண்டா என்று தேடினான். அத்தானைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். நேராக அத்தானை நோக்கி நடந்தான்.

அத்தான் அவனைக் காப்பாற்றப் பாய்ந்தார், கூட்டம் அவரைத் தள்ளிவிட்டது என்று உனக்கு எழுதினேன். அப்படி நடக்கவில்லை.

முதல் அடி யாரோ ஒருவன், ஸ்பானரால், பின்மண்டையில். குருவி முழங்காலில் விழுந்தான். மூக்குக் கண்ணாடி நொறுங்கி ஒரு சில்லு கன்னத்தில் குத்தி நின்றது. அடி விழ விழ, ஒரு கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, நம் மொழியில் போதும், போதும் என்று கத்தினான். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு நிமிஷம் எல்லாரும் நின்றார்கள். உண்மையிலேயே நின்றார்கள் தம்பி. அந்நியன் வாயிலிருந்து நம் சொல் வந்ததும் கைகள் அந்தரத்தில் நின்றன. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் விடுங்கடா என்று சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அத்தான் அவன் எதிரில் நின்றார். கிரேன் அண்ணனின் ரத்தம் அவர் கையில் இன்னும் காயவில்லை. குருவி அவரை நிமிர்ந்து பார்த்தான். அவர் இரண்டு கையாலும் அந்தக் கம்பியை ஓங்கினார். ஒரு முறை இல்லை. நான் ஐந்து வரைக்கும் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அடித்தவர்கள் எல்லாரும் செத்த உடம்பைத்தான் அடித்தார்கள். கடைசியில் முகம் இல்லை.

மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு தாளை நீட்டினார். அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதியிருந்தது. கட்டுப்போட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டேன். உனக்கு எழுதிய பொய்யும் அன்று எழுதியதுதான்.

ஒரு மாதம் கழித்து மேடை போட்டார்கள். செத்த மூன்று பேருக்கும் தியாகிகள் என்று படம் வைத்தார்கள். அத்தானை மேடையில் ஏற்றி, அந்நியனை விரட்டிய கை என்று அவர் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் கையை உருவிக்கொண்டு இறங்கி வந்தார். குருவிக்குக் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. புதிய நண்பர்களாக வந்திருக்கும் நாட்டிலிருந்து நான்கு பேர் வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உலை பிணமாகிவிட்டது, இடித்துப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றார்கள். ஆலையின் பழைய கோப்புகளை அவர்களுக்காக மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

வீட்டில் அத்தான் என்னிடம் பேசியது இரண்டு வார்த்தை மூன்று வார்த்தை. நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அப்படியே ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள் குழந்தை பள்ளியிலிருந்து வந்தாள், சட்டை கிழிந்திருந்தது, நெற்றியில் வீங்கியிருந்தது. என்னடி என்று கேட்டேன். விளையாட்டாம். நடுவில் ஒருவரை உட்காரவைத்துச் சுற்றி நின்று குச்சியால் அடிக்கும் விளையாட்டு. "இன்னைக்கு நான்தான் குருவி, நாளைக்கு நான் அடிக்கிற முறை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அத்தான் எழுந்து வெளியே போனார்.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. உங்கள் விடுதிக்குள் ஆட்கள் புகுந்ததும், உன் பல் உடைந்ததும், குருவியின் அம்மா உன்னைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்ததும், வாசலில் தடியோடு வந்தவர்களிடம் உள்ளே இருப்பது என் மகன் என்று சொன்னதும் படித்தேன். நான் எழுதிய பொய்யை நீ அவரிடம் அப்படியே சொல்லியிருக்கிறாய். அவர் எழுதிய துண்டுக் காகிதத்தை அத்தானுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. என் மகனுக்காகப் பின்னிய சட்டை, அவனைக் காப்பாற்ற நீண்ட கைகளுக்கு இது சேரட்டும் என்று எழுதியிருந்தார்.

அத்தான் சட்டையை மடியில் வைத்துக்கொண்டார். தொட்டால் சுடும் பொருள் போல விரல் நுனியால் பிடித்திருந்தார். பிறகு எழுந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், நான்தான் அடித்தேன் என்றார். அங்கே இருந்தவர் சிரித்திருக்கிறார். "யாருய்யா உன்கிட்ட கேட்டா? போய்ப் பொழப்பப் பாரு" என்று தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாளும் போனார். இந்த முறை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, இன்னொரு முறை வந்தால் உன் பெண்டாட்டியையும் சேர்த்து உள்ளே போடுவேன், அவதானே அவங்க ஆளு என்று சொன்னார்களாம். நம் ஊரில் அவரைக் குற்றவாளி என்று சொல்ல ஆள் இல்லை.

அன்று மாலை அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் சொல்றேன், நீ அந்தம்மா பாஷையில எழுது, ஒண்ணும் கூட்டாத, ஒண்ணும் குறைக்காத என்றார். எழுதினேன். தணிக்கத் தோன்றிய இடங்களில் கை நின்றது. அவர் ஏன் நிறுத்திட்ட என்று கேட்டார். மறுபடி எழுதினேன். எத்தனை அடி என்று அவருக்கு ஞாபகம் இல்லை, என்னைக் கேட்டார், சொன்னேன், அதையும் எழுதச் சொன்னார். அதன் கீழே நான் ஒன்று சேர்த்திருக்கிறேன். படியில் நின்றவள் சுடுவார்கள் என்று சொல்லியிருந்தால் கிரேன் அண்ணன் நடந்து வந்திருக்க மாட்டார், அத்தான் கையில் அந்த ரத்தம் பட்டிருக்காது, உங்கள் மகன் அடுத்த ஞாயிறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பான் என்று. அந்தத் தாள் உறைக்குள் தனியாக மடித்து இருக்கிறது. கம்பளிச் சட்டையும் நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துக்கொள்ள இவருக்கு உரிமை இல்லை.

தாளை நீதான் அவரிடம் கொடுக்க வேண்டும். நேராக அவர் பெயருக்குத் தபாலில் போகக் கூடாது. தனியாகப் படித்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

முதலில், வேறு தங்குமிடம் பார்த்துவிட்டுப் பிறகு கொடு என்று எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மேலே கறுப்பாக இருப்பது அதுதான், வெளிச்சத்தில் பிடித்தால் உனக்குத் தெரியும். அக்காவாக எழுதியது அது. பிறகு அந்த அம்மா வாசலில் நின்றதை நினைத்துப் பார்த்தேன். பொய்யின் நிழலில் அவர் கூரையின் கீழ் நீ இன்னும் ஒரு நாள் சாப்பிடு என்று என்னால் சொல்ல முடியவில்லை, சாப்பிடாதே என்று சொல்லவும் முடியவில்லை. எந்த நாளில் கொடுப்பது என்பதை உன்னிடம் விட்டுவிடுகிறேன். நீ பெரியவனாகிவிட்டாய்.

படித்துவிட்டு அவர் உன்னை வெளியே போ என்றால் போய்விடு. எங்களைத் திட்டினால் கேட்டுக்கொள். தெருவில் வந்து நின்று கூவி உன்னைக் காட்டிக்கொடுத்தாலும் அவர் மேல் கோபப்படாதே. அடித்தால் வாங்கிக்கொள். வயதான கை, அதிகம் வலிக்காது. நீ மட்டும் கையை ஓங்கிவிடாதே, தடுக்கக்கூட ஓங்காதே. நம் குடும்பத்தில் அந்த வீட்டின் மேல் ஓங்காத கை ஒன்றாவது மிஞ்சட்டும்.

எங்கே இருந்தாலும் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அக்கா